"அங்கே இலவசமா?" என்று கேட்காதீர்கள்: ஒரு டயாலிசிஸ்காரனின் நோட்டிலிருந்து

சிறுநீரகம் செய்ய வேண்டிய ரத்தச் சுத்திகரிப்பை எனக்கு இயந்திரம் செய்கிறது, அதுதான் டயாலிசிஸ்: வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி குத்தியிருக்கும், அசைக்க முடியாது. வலது கை சும்மாதானே இருக்கிறது என்று மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, எந்த நாட்டில் என்னைப் போன்றவர்களுக்கு யார் காசு கட்டுகிறார்கள் என்று எழுத ஆரம்பித்தேன்.

வேறு நாட்டுக்குப் போக நினைக்கும் நோயாளிகள் "அங்கே இலவசமா?" என்றுதான் கேட்கிறார்கள். இலவசம் என்று சொல்கிற நாட்டிலும் பில் வரும். காசு வாங்குகிற நாட்டிலும் ஓர் அளவைத் தாண்டி வாங்காமல் இருப்பார்கள். அதனால் முதலில் உச்சவரம்பைத் தேடுங்கள். அது எந்தக் காலக் கணக்கில் ஓடுகிறது என்று பாருங்கள்.

ஜெர்மனியில் அரசுக் காப்பீட்டில் இருப்பவருக்கு அது வருடக் கணக்கு. குடும்ப வருமானத்தில் 2 சதவீதம். நாள்பட்ட நோய் என்று டாக்டர் சான்று கொடுத்தால் 1 சதவீதம். வரம்பைத் தொட்டதும் விலக்கு அட்டை உண்டு, ஆனால் தானாக வீடு தேடி வராது. ரசீதுகளைச் சேர்த்துவைத்து நாம்தான் மனுப் போட வேண்டும்.

ஜப்பானில் மாதக் கணக்கு. 1-ஆம் தேதி தொடங்கி மாதக் கடைசியில் முடிந்துவிடும். இதை நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அப்போது நடுத்தர வருமானக்காரருக்கு வரம்பு 80,100 யென். மொத்தச் செலவு 2,67,000-ஐத் தாண்டினால் தாண்டியதில் 1 சதவீதம் கூடும். பத்து லட்சம் யென் சிகிச்சை ஒரே மாதத்துக்குள் முடிந்தால் நம் பங்கு 87,430. அதே சிகிச்சை 25-ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதத்துக்குப் போய், செலவு பாதிப் பாதியாகப் பிரிந்தால் மாதத்துக்கு 82,430 வீதம் 1,64,860. வைத்தியம் ஒன்றுதான், காலண்டர்தான் வேறு! எண்களை அவ்வப்போது மாற்றுவார்கள், அதனால் போடும் முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவசரமில்லாத சிகிச்சை என்றால் தேதியை டாக்டரிடம் பேசிப் பாருங்கள். டயாலிசிஸுக்குத் தனிச் சலுகை உண்டு: மாதம் 10,000 யென், வருமானம் அதிகமென்றால் 20,000.

அடுத்தது, 'நூறு சதவீதம்' எதன் மீது? பிரான்சில் நீண்டகால நோய்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. குடும்ப டாக்டர் மனுப் போட்டு அதில் சேர்த்துவிட்டால் முழுச் செலவும் காப்பீட்டில். ஆனால் அந்த நூறு, அரசு நிர்ணயித்த கட்டணத்தில் நூறு. டாக்டர் கூடுதலாக வாங்கினால் அது நம் பையிலிருந்து. வேறு நோய்க்கு வாங்கும் மாத்திரையும் இதில் சேராது.

மருந்து எங்கே கைக்கு வருகிறது என்பதையும் கேளுங்கள். கனடாவில் ஆஸ்பத்திரிக்குள் கொடுக்கும் மருந்துக்குக் காசில்லை. கடையில் வாங்கி வீட்டில் போட்டுக்கொள்வது என்றால் மாகாணத்துக்கு மாகாணம் கதை மாறும். இங்கிலாந்தில் டயாலிசிஸுக்குக் காசு கேட்க மாட்டார்கள், மருந்துச்சீட்டுக்குக் கேட்பார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவருக்கு அந்தக் கட்டணத்தில் விலக்கு; சிறுநீரகச் செயலிழப்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை. எனக்கு இது இன்னும் விளங்கவில்லை. பல மருந்து எடுப்பவர்கள் வருடத்துக்கு முன்பணம் கட்டும் சான்றிதழை வாங்கிக்கொள்வது லாபம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இந்தக் கட்டணமே கிடையாது.

அமெரிக்காவில் தொடக்கமும் முடிவும்தான் முக்கியம். அங்கே 1973 முதல் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு எந்த வயதிலும் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு கிடைக்கிறது, தானோ கணவன் மனைவியோ பெற்றோரோ போதிய காலம் வேலை பார்த்து வரி கட்டியிருந்தால். மையத்துக்குப் போய்ச் செய்துகொண்டால் பொதுவாக நாலாவது மாதம்தான் தொடங்கும். வீட்டில் செய்யப் பயிற்சியில் சேர்ந்தால் முதல் மாதத்திலிருந்தே கிடைக்கலாம். அரசே நேரடியாக நடத்தும் மெடிகேரில் 20 சதவீதம் நம் தலையில், அதற்கு வரம்பில்லை. துணைக் காப்பீடு இல்லாமல் காலை வைக்காதீர்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி 36 மாதம் ஆனால், வேறு தகுதி இல்லாதவருக்கு மெடிகேர் நின்றுவிடும். பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் மாத்திரையோ ஆயுசுக்கும் வேண்டும். வேறு காப்பீடு இல்லாதவருக்கு அந்த மாத்திரைக்கு மட்டும் 2023 முதல் ஒரு ஏற்பாடு உண்டு, மாதச் சந்தா கட்டி.

நான் கடைசியில் கேட்டதை நீங்கள் முதலில் கேளுங்கள்: விசா. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் குடியேற வருபவரின் சிகிச்சைச் செலவைக் கணக்குப் பார்க்கின்றன. டயாலிசிஸ் தேவைப்பட்டாலே விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். நோட்டில் நியூசிலாந்துக்கு நாலு பக்கம் எழுதிய பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.