டேர் கவுண்டி கடலோரத்தில் வீடு கட்டுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், அவுட்டர் பேங்க்ஸ் எனும் கடலோரத் தீவுகள் பக்கம், டேர் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) மனை வாங்குகிற பலர் முதலில் வீட்டுக்கு பிளான் போடுகிறார்கள், அப்புறம்தான் விதிகளைக் கேட்கிறார்கள். முதலில் விதியைக் கேட்டாலே பாதிக் கஷ்டம் தீரும்.

அங்கே எத்தனை படுக்கையறை என்பதை மண்தான் முடிவு செய்கிறது. பொதுச் சாக்கடை இணைப்பு இல்லாத மனைக்கு செப்டிக் டேங்க் அனுமதி வேண்டும். டேங்கிலிருந்து வெளியேறும் கழிவுநீரை மண்தான் உறிஞ்ச வேண்டும் என்பதால், துளை போட்டு மண்ணை எடுத்துக் கையில் வைத்துப் பார்ப்பார்கள். மணலுக்கு நடுவே சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தால், ஈரமான மாதங்களில் நிலத்தடி நீர் அதுவரை ஏறி நிற்கிறது என்று பொருள். 4 அறைக்கு ஆசைப்பட்டு வாங்கிய மனை 2 அறைக்குத்தான் தாங்கும் என்று பணம் கொடுத்த பிறகு தெரிந்து என்ன பயன்? கிரயத்துக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

கடலிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுவது என்பதிலும் தவறு நடக்கிறது. தண்ணீர் விளிம்பிலிருந்து டேப் பிடிக்கக் கூடாது. 1974-இல் வந்த கடலோர மேலாண்மைச் சட்டத்தின் கீழ், இயற்கையாக வேர்பிடித்து நிலைத்த செடிகளின் முதல் வரிசையிலிருந்துதான் அளவு. நேற்று நட்ட புல் கணக்கில் வராது. 5,000 சதுர அடிக்குக் குறைவான வீடு என்றால், அந்த இடத்தின் ஆண்டு அரிப்பைப் போல 30 மடங்கு, குறைந்தது 60 அடி. ஆண்டுக்கு 6 அடி அரிக்கிற கரையில் 180 அடி தள்ளிப் போக வேண்டும்.

சரி, அலை நெருங்கினால் சுவர் எழுப்பிக்கொள்ளலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பெருங்கடல் பக்கம் வீட்டைக் காக்க நிரந்தரத் தடுப்புச் சுவருக்கு அனுமதி கிடையாது. 2022 மே 10 அன்று இதே கவுண்டியின் ரொடாந்தே என்ற கடலோர ஊரில் ஒரே நாளில் 2 வீடுகள் கடலில் சரிந்தன. உடைந்த பலகைகள் மைல் கணக்கில் கரையோரம் சிதறிக் கிடந்தன.

பாம்லிகோ சவுண்ட் எனும் காயல் பக்கம் வேறு கதை. அங்கே நீர்மட்டத்தை நிலவைவிடக் காற்றுதான் அதிகம் ஏற்றி இறக்குகிறது. மழையே இல்லாத நாளிலும் ரோட்டோர வாய்க்காலில் தண்ணீர் எதிர்த்து ஏறும். வடிகால் சரிவை மழையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் ஏமாந்துபோவீர்கள். மணல் கொட்டி மனையை மேடாக்கினால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். கரையிலிருந்து 75 அடிக்குள் இருக்கும் பரப்பில், நீர் உறிஞ்சாத தளம் பொதுவாக 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் 30 அடியில் வீடே வரக் கூடாது.

தரை காய்ந்திருப்பதை வைத்துச் சதுப்பு நிலம் இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. சட்டத்தில் 10 தாவரங்களின் பட்டியல் இருக்கிறது. நுனி ஊசிபோல் குத்தும் கோரை அதில் ஒன்று. காற்று ஏற்றிவிடும் தண்ணீர் எப்போதாவது எட்டும் இடத்தில் அது நின்றால், மண் கொட்டும் முன் அனுமதி வேண்டும்.

நாக்ஸ் ஹெட், கில் டெவில் ஹில்ஸ் போன்ற ஊர்களுக்குத் தனி விதிகளும் தனி அதிகாரியும் உண்டு. கவுண்டியில் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அதிகாரி வந்து செடி வரிசையைக் குறித்துக் கொடுத்தால், 60 நாளுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். நடுவே புயல் வந்து கரை மாறினால் மறுபடி அளக்க வேண்டும்.