வன்னியில் நீண்டகாலச் சுகாதார ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது: முதலில் 'மாட்டேன்' சொல்ல இடம் கொடுங்கள்

வன்னியில் ஆய்வுக்கு ஆள் பிடிப்பது கடினம் என்று வெளியூரிலிருந்து வருபவர்கள் நினைக்கிறார்கள். நான் மல்லாவியில் பிறந்து வளர்ந்தவள். துணுக்காய், மாந்தை கிழக்கு, ஒட்டுசுட்டான் பக்கம் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவதே என் தொழில். இங்கே ஆள் சேர்ப்பது மிகச் சுலபம். ஒரு மரநிழலில் மேசையும் பேனாவுமாக உட்கார்ந்தால் போதும், மத்தியானத்துக்குள் வரிசை நீண்டுவிடும். அந்த வரிசையை நம்பிப் பத்து வருட ஆய்வைத் தொடங்குபவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வரிசை ஏன் வருகிறது? 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்த காலம் முதல், பெயர் எழுதியவர்களுக்குத்தான் தகரம் கிடைத்தது, கிணறு கிடைத்தது, வீடு கிடைத்தது. பெயர் விடுபட்டவர் கந்தோர் கந்தோராக அலைந்தார். ஆகவே யார் கோப்புடன் வந்தாலும் பெயரைக் கொடுத்துவைப்பது நல்லது என்று சனம் கற்றுக்கொண்டது. கோப்பு வைத்திருப்பவரை மறுத்துப் பேசினால் என்ன வருமோ என்ற பயமும் கூடவே உண்டு. எதிர்பார்ப்பில் சம்மதித்தவர் ஒன்றும் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் நின்றுவிடுவார். பயத்தில் சம்மதித்தவர் நாங்கள் வரும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் பின்வளவால் போய்விடுவார். அடுத்த வருடமும் கதவு திறக்க வேண்டுமானால், இந்த வருடம் மறுக்க முடிந்தவராக அவர் இருந்திருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே அதற்கான வேலைதான்.

அனுமதிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மருத்துவ பீடமொன்றின் நெறிமுறை மீளாய்வுக் குழு, பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை, சுகாதார வைத்திய அதிகாரி, பிரதேச செயலாளர், கிராம அலுவலர் என்ற வரிசையில் கடிதங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லாமல் ஊருக்குள் கால் வைக்காதீர்கள்.

ஆனால் கிராம அலுவலரைக் கூட்டிக்கொண்டு வீடுகளுக்குப் போகாதீர்கள். அவர் நல்லவராகவே இருப்பார், வழிகாட்ட ஆசைப்படுவார். வதிவிடச் சான்றிதழுக்கும் காணிக் காகிதத்துக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும் என்பதால், அவர் முற்றத்தில் நிற்கும்போது எந்த வீட்டிலும் 'இல்லை' என்ற பதில் வராது. குடும்பநல உத்தியோகத்தர் வேறு மாதிரி. அவரைத் தாய்மார் நம்புகிறார்கள். அறிமுகம் செய்துவைக்கட்டும், சம்மதம் கேட்கும்போது அவரும் படலைக்கு வெளியே நிற்கட்டும். சீருடைக்காரர் யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் அண்டவிடாதீர்கள். வாகன உதவிகூட வேண்டாம்.

முதல் கூட்டத்தை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துடனும் கமக்காரர் அமைப்புடனும் தனித்தனியாக வையுங்கள். ஒன்றாக வைத்தால் ஆண்கள் பேசுவார்கள், பெண்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். கூட்டத்தில் முதலில் சொல்ல வேண்டியது ஆய்வின் பெருமை அல்ல, கிடைக்காதவற்றின் பட்டியல். ஒரு கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்: “பிள்ளை, பெயர் தந்தால் என்ன தருவீர்கள்?”

“ஒன்றும் தர மாட்டோம் அம்மா. வீடும் இல்லை, காசும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுப்போம். முடிவைக் கொண்டுவந்து தருவோம். வந்து போகிற பஸ் காசும் காலைச் சாப்பாடும் உண்டு.”

“அப்ப ஏன் நான் தர வேண்டும்?”

இந்தக் கேள்வி வந்த பிறகுதான் உண்மையான ஆள் சேர்ப்பு தொடங்குகிறது. எங்கள் ஆய்வு கிட்னி பற்றியது. 1990களில் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடம் கவனிக்கப்பட்ட, காரணம் இன்னும் தீர்மானமாகாத அந்த நோய் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. வெயிலா, தண்ணீரா, வயலுக்கு அடிக்கும் மருந்தா, எல்லாம் சேர்ந்தா என்று ஒருநாள் இரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது; அதே ஆளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தால்தான் தெரியும். இப்படிச் சொன்னால் இங்கே எல்லோருக்கும் விளங்கும். அமெரிக்காவில் பிரேமிங்காம் என்ற ஊரில் 1948இல் 5,209 பேருடன் தொடங்கிய இதய ஆய்வில் 1971இல் பிள்ளைகளும் 2002இல் பேரப்பிள்ளைகளும் சேர்ந்தார்கள் என்றும் சொல்வேன். புகைப்பதும் உயர் இரத்த அழுத்தமும் இதயத்துக்கு ஆபத்து என்று உலகம் அறிந்ததில் அந்த ஊரவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கூட்டத்து அம்மா யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனார். அவர் சேராமலே போயிருந்தாலும் அது நல்ல பதில்.

கிட்னி ஆய்வு என்றதும் கிட்னியை எடுத்துவிடுவார்களோ என்று ஒருவர் கேட்பார். சிரிக்காதீர்கள். இரத்தம் எடுக்கும் குழாயைக் கூட்டத்திலேயே கையில் கொடுத்துப் பார்க்கவிடுங்கள். ஐந்து மில்லிலீட்டர் என்றால் ஒரு தேக்கரண்டி. கரண்டியில் தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள். இரத்தம் எந்த ஆய்வுகூடத்துக்குப் போகிறது, மிச்சத்தை என்ன செய்வீர்கள், குழாயில் பெயர் இருக்குமா இலக்கமா என்பதை அவர்கள் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.

சம்மதப் படிவத்தை அன்றே கையொப்பமிட்டு வாங்காதீர்கள். வாசித்துக் காட்டி, வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ போங்கள். இரவில் வீட்டில் பேசுவார்கள், வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடம் தொலைபேசியில் கேட்பார்கள். கேட்கட்டும். திரும்பிப் போனதும் அவரையே விளக்கச் சொல்லுங்கள்: எத்தனை வருடம், எதை எடுப்போம், இடையில் விலகினால் என்ன நடக்கும்? “விலகினால் ஆஸ்பத்திரியில் மருந்து தர மாட்டார்கள்” என்று பதில் வந்தால் படிவத்தை மடித்து வைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். மனைவிக்கான கேள்விக்குக் கணவர் பதில் சொன்னால் பேசாமல் மனைவியைப் பார்த்துக்கொண்டிருங்கள். எழுதத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் வைக்கும்போது சாட்சி அவருடைய ஆளாக இருக்க வேண்டும், ஆய்வுக் குழுவின் ஆளாக அல்ல.

எப்போது போவது என்பதில் நகரத்துத் திட்டங்கள் எல்லாம் கவிழும். புரட்டாசி, ஐப்பசியில் காலபோக விதைப்பு. அதன்பிறகு மழை, உள்பாதைகள் சேறு. கதிர் முற்றும் காலத்தில் இரவெல்லாம் யானைக் காவல், ஆண்கள் பகலில் தூங்குவார்கள். தை, மாசியில் அறுவடை. பங்குனியில் நெல் விற்று வீட்டில் இருப்பார்கள். அதுதான் நல்ல காலம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், ஆவணியில் மடு மாதா திருவிழா என்றால் ஊரே வெளியே இருக்கும். நவம்பர் கடைசி வாரத்திலும் மே 18ஐ ஒட்டியும் படிவத்துடன் யார் வீட்டுக்கும் போகாதீர்கள். காரணத்தை நான் விளக்கத் தேவையில்லை.

நேரத்துக்கும் இதே கவனம் வேண்டும். நாள் முழுக்க வெயிலில் நின்று தண்ணீர் குடிக்காதவரின் இரத்தத்தில், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் கூடிக் காட்டலாம்; ஆகவே வயலுக்குப் போகுமுன் விடியற்காலையில் எடுங்கள். கூடியிருந்தால் குறைந்தது மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்காமல் நாட்பட்ட நோய் என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. இரண்டாம் தடவை வருவது ஏன் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பயம் குறையும். சீனியும் பார்ப்பதாக இருந்தால் வெறும் வயிற்றுடன் வருவார்கள். இரத்தம் எடுத்த உடனே இடியப்பமும் சொதியும் தயாராக இருக்க வேண்டும். சலரோகக்காரரைக் காக்கவைத்து மயங்கவைத்த முகாமுக்கு ஊரில் ஒருவரும் திரும்பி வர மாட்டார்கள்.

இனி விடுபடுபவர்கள். தாமாக வருபவர்களை மட்டும் எடுத்தால் வீதியோரத்து வீடுகளும் ஓய்வான ஆட்களும்தான் சேருவார்கள். கிட்னி நோய்க்கு அதிகம் ஆளாகும் ஆண் விவசாயி வரவே மாட்டார். பட்டியலில் தெரிவான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டை எழுதிக் கணக்கை நிரப்பாதீர்கள். காலை, மாலை, ஞாயிறு என்று நேரம் மாற்றிப் போங்கள். காட்டோரக் குடியிருப்புகளை விடாதீர்கள். அங்கே மலையகத்திலிருந்து கலவரங்களுக்குத் தப்பி வந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். காணி உறுதி இல்லாததாலேயே பல பட்டியல்களில் அவர்கள் இருப்பதில்லை.

கேள்விகளின் ஒழுங்கும் முக்கியம். வீட்டில் என்ன என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதிய, அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவுக்கான கணக்கெடுப்புக்குப் பிறகு, குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டால் சனம் சுதாரித்துவிடும். அந்தக் கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளி, கொடுப்பனவுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

குடும்ப விபரம் எழுதும் இடம் இதைவிடக் கவனமானது. படிவத்தில் 'உயிருடன்', 'இறந்தவர்' என்று இரண்டே கட்டங்கள் இருந்தால் அச்சடிக்கும் முன்பே திருத்தச் சொல்லுங்கள். பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாயிடம் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யக் கேட்பது கொடுமை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டமாக வீதியோரத்தில் அமர்ந்தது அந்தக் கேள்விக்குப் பதில் கேட்டுத்தான். அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுதுங்கள். பரம்பரை நோய் பற்றித் தெரிய வேண்டுமானால், “குடும்பத்தில் யாருக்காவது கிட்னி வருத்தம் இருந்ததா?” என்ற கேள்வி போதும்.

கைத்தொலைபேசி இலக்கம் மாறிக்கொண்டே இருக்கும். “உங்களைக் காணாவிட்டால் நாங்கள் யாரிடம் கேட்கலாம்?” என்று அவரிடம் கேட்டு இரண்டு பேரின் பெயரை வாங்குங்கள். தொழிலுக்காக வேறு கரைக்குப் போகும் மீனவர் குடும்பம் என்றால் எந்தக் கரை, எந்த மாதம் என்றும் எழுதுங்கள். ஆனால் 'யாருடன் தொடர்பு, எங்கே போவீர்கள்' என்பது இங்கே விசாரணையின் மொழி. ஏன் கேட்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பரிசோதனை முடிவுகளிலிருந்து பிரித்துப் பூட்டி வையுங்கள். விரும்பாதவர் அதை வெறுமையாக விடலாம்.

முடிவுகளை இரண்டு வாரத்துக்குள், தமிழில், கையில் கொடுங்கள். கூடியிருந்தால் வைத்தியசாலைக்கு ஒரு கடிதம், எந்த நாள் கிளினிக், எந்த பஸ் என்பதும் அதிலேயே எழுதியிருக்கட்டும். முதல் வருடம் முடிவு தராத ஆய்வு இரண்டாம் வருடம் ஊருக்குள் போவதில் பயனில்லை.

விலக விரும்புபவரிடம் காரணம் கேட்டு நிற்காதீர்கள். எடுத்த இரத்தத்தை வைத்திருக்கலாமா அழித்துவிட வேண்டுமா என்று மட்டும் கேட்டு, பதிலைத் திகதியுடன் எழுதி ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். பாக்கியிருக்கும் முடிவு வந்ததும் மற்றவர்களுக்குக் கொண்டுபோவதுபோல அவருக்கும் கொண்டுபோங்கள்.