தண்ணீர் வடியாத தோட்டத்துக்கு நம் மண்ணின் புதர்ச்செடிகள்: தேர்ந்தெடுத்து நடும் முறை

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து பல நாள்கள் ஆன பின்னும் தோட்டத்தில் கால் வைத்தால் சேறு புதைகிறது. அதே இடம் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய சென்னைப் பகுதிகளிலும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் களிமண் நிலங்களிலும் வீடு கட்டியவர்கள் இதை நன்கு அறிவார்கள். இத்தகைய மண்ணில் செடி வைப்பவர்கள் பெரும்பாலும் மழைக்காலத்தை மட்டுமே கணக்கில் கொள்கிறார்கள். ஆனால் இங்கே ஒரு செடி, சில வாரங்கள் வேர் மூழ்கியிருப்பதையும், அதன் பின் பல மாதங்கள் கல்லாக இறுகிய மண்ணில் நிற்பதையும் ஒருசேரத் தாங்க வேண்டும். நம் ஏரிக்கரைகளிலும் ஓடைக்கரைகளிலும் தானாக வளரும் புதர்கள் ஆண்டுதோறும் இந்த இரண்டையும் தாங்குகின்றன. ஆகவே செடியைத் தேட வேண்டிய இடம் அந்தக் கரைகளே.

முதற்படி: மண் எவ்வளவு வேகமாக நீரை விடுகிறது?

ஓர் அடி அகலமும் ஓர் அடி ஆழமும் உள்ள குழியைத் தோண்டி, விளிம்பு வரை நீர் ஊற்றி, அது முழுவதும் வடிய விடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, ஓர் அளவுகோலை நட்டு வைத்து, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு 2.5 செ.மீ. முதல் 5 செ.மீ. வரை இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்கு அது போதும். அதற்குக் குறைவாக இறங்கினால் வடிகால் குறைந்த மண். 24 மணி நேரம் கழித்தும் குழியில் நீர் நின்றால், கீழே சொல்லப்போகும் செடிகளைத் தவிர வேறெதையும் அந்த இடத்தில் முயல வேண்டாம்.

இந்தச் சோதனையைக் கோடையில் செய்தால் களிமண் நம்மை ஏமாற்றிவிடும். வெடிப்புகளின் வழியே நீர் விரைந்து இறங்கி, நல்ல வடிகால் உள்ள மண் போலத் தோற்றம் தரும். மழை பெய்து மண் உப்பியதும் அந்த வெடிப்புகள் மூடிக்கொள்ளும். எனவே முதல் மழைகளில் மண் நன்றாக ஊறிய பிறகு, மழை இல்லாத ஒரு நாளில் சோதிப்பதே சரி.

குழியில் இருந்து எடுத்த மண்ணையும் கவனியுங்கள். சாம்பல் அல்லது நீலம் கலந்த நிறமும், அழுகிய முட்டையின் வாடையும் இருந்தால் அங்கே காற்று நீண்ட காலமாகப் புகவில்லை. ஈரமண்ணைக் கயிறு போலத் திரித்து வளையமாக வளைக்கும்போது அது விரிசல் விடாமல் நின்றால் களிச்சத்து மிகுதி. கோடையில் மேலே வெள்ளைப் படிவு பூத்தால் உப்பும் சேர்ந்திருக்கிறது. கடலோர ஊர்களில் இது முக்கியமான செய்தி.

களிமண்ணே இல்லாத மனைகளிலும் நீர் தேங்குவது உண்டு. வீடு கட்டும்போது லாரிகளும் மண்வாரி இயந்திரங்களும் ஏறி இறங்கி அடிமண்ணை இறுக்கிவிடுகின்றன. சிமென்ட் கழிவும் செங்கல் துண்டுகளும் ஒரு தட்டாகப் படிந்துவிடுகின்றன. கடப்பாரை இரண்டடிக்குள் திடீரென்று தடைபட்டால் காரணம் அதுதான். அந்தத் தட்டை உடைத்து அகற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.

இரண்டாம் படி: எவற்றை விலக்க வேண்டும்?

வேரும் மூச்சு விடுகிறது. மண்ணின் துளைகளில் நீர் நிறைந்துவிட்டால் உயிர்வளி அங்கே மிக மிக மெதுவாகவே நகரும். சில நாள்களில் வேர் நுனிகள் மடிந்து, அழுகல் பூஞ்சைகள் நுழைகின்றன. அப்போது வேரால் நீரை உறிஞ்ச முடியாததால், சேற்றில் நிற்கும் செடி வறட்சியில் நிற்பது போலவே வாடும். அதைக் கண்டு மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் புதியவர்கள் பலர் செடியை இழக்கும் வழி.

நம் நிலத்துச் செடி என்பதாலேயே ஒன்று இங்கே பொருந்திவிடாது. ஆவாரை வறண்ட செம்மண்ணிலும் சரளை மண்ணிலும் பொன்னாய்ப் பூக்கும். தேங்கும் நீரைத் தாங்காது. மல்லிகைக்கும் வடிகால் நன்றாக இருக்க வேண்டும். இவற்றை மேடான இடத்துக்கோ தொட்டிக்கோ ஒதுக்கிவிடுங்கள்.

எந்தச் சேற்றிலும் வளர்கிறதே என்று நெய்வேலிக் காட்டாமணக்கின் கொம்பை மட்டும் வேலிக்கு ஊன்றிவிடாதீர்கள். தென்னமெரிக்காவில் இருந்து வந்த அந்தச் செடி நம் ஏரிகளையும் வாய்க்கால்களையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒடிந்து விழும் ஒரு துண்டுகூட வேர் விட்டுப் பரவும். உண்ணிச்செடியும் அப்படியே விலக்கத் தக்கது.

மூன்றாம் படி: செடிகளைத் தேர்ந்தெடுத்தல்

தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது நொச்சி. ஓடைக்கரைகளில் தானாக வளர்வது. மழைநீரில் நின்றாலும், கோடையில் தண்ணீர் இல்லாமல் நின்றாலும் பிழைத்துக்கொள்ளும். எவ்வளவு வெட்டினாலும் தழைக்கும். ஐந்து விரல்களாய்ப் பிரிந்த இலை, அடியில் வெண்சாம்பல் பூச்சு, கொத்தாய் நீலநிறப் பூ. மதில் காத்து நின்ற பழந்தமிழ் வீரர்கள் சூடிய பூ இது. சளிக்கு ஆவி பிடிக்க இலை வீட்டிலேயே கிடைக்கும் என்பது கூடுதல் நன்மை. வெட்டாமல் விட்டால் சிறுமரமாகிவிடும் என்பதால், இடம் குறைந்தவர்கள் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்ய வேண்டும். பென்சில் பருமனுள்ள, ஒரு சாண் நீளக் குச்சியை ஊன்றினாலே வேர் பிடிக்கும். விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை.

உப்பும் நீரும் சேர்ந்த கடலோர மனைக்குச் சங்கங்குப்பியை மிஞ்சியது இல்லை. உப்பங்கழி ஓரங்களில் வளரும் இந்தச் செடி, அடர்த்தியான உயிர்வேலியாகத் தன்னை வெட்ட விடும். கரும்பச்சை இலைகளுக்கு இடையே, நீண்ட செந்நிற மகரந்த இழைகளோடு வெண்பூக்கள் நிற்கும். இலை கசப்பதால் ஆடுகள் அதிகம் தொடுவதில்லை.

பறவைகளை விரும்புபவர்கள் நீர்ப்பூலாவை வைக்கலாம். குளக்கரைகளில் படர்ந்து கிடக்கும் புதர் இது. இதன் சிறிய கருநிறப் பழங்களைத் தேடிக் கொண்டைக்குருவிகள் வரும். கிளைகள் நீண்டு சாய்ந்து வளர்வதால் இதை நடைபாதை ஓரத்தில் வைக்காமல், வேலி ஓரத்தில் வையுங்கள்.

விரைவில் பச்சை வேண்டுமென்றால் செம்பை என்றும் வழங்கப்படும் சித்தகத்தியின் விதையைத் தூவுங்கள். நீர் தேங்கும்போது அடித்தண்டில் பஞ்சு போன்ற திசுவை உண்டாக்கிக்கொண்டு, அதன் வழியே வேருக்குக் காற்றை அனுப்பும் திறம் கொண்டது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததால் வேர்முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்த்து மண்ணையும் வளமாக்குகிறது. ஆயுள் சில ஆண்டுகளே. ஆயினும் மற்றச் செடிகள் வேரூன்றும் வரை நிழலும், மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்பத் தழையும் தருவதற்கு அது போதும்.

தாழையைப் பற்றி மட்டும் எச்சரிக்கையோடு சொல்கிறேன். ஈரத்தையும் உப்பையும் நன்றாகத் தாங்கும்; ஆண்செடியின் பூமடலுக்கு ஈடான மணம் வேறில்லை. ஆனால் இலை விளிம்பெங்கும் முள், விழுதுவேர்களோடு பல அடி அகலத்துக்குப் பரவும் உடல். குழந்தைகள் விளையாடும் சிறிய தோட்டத்துக்கு அது வேண்டாம். பரந்த மனையின் கடைசி மூலையில், நீர் அதிகம் நிற்கும் இடத்தில் வைக்கலாம்.

இந்தப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுபடும். நாற்றங்காலில் கேட்கும்போது நொச்சிக்கு வைடெக்ஸ் நெகுண்டோ, சங்கங்குப்பிக்குக் கிளிரோடெண்ட்ரம் இனெர்மி, நீர்ப்பூலாவுக்குப் பில்லாந்தஸ் ரெட்டிகுலேட்டஸ், சித்தகத்திக்குச் செஸ்பேனியா செஸ்பன் என்ற தாவரவியல் பெயர்களையும் சொல்லிக் கேளுங்கள்.

நான்காம் படி: நடுதல்

களிமண்ணில் ஆழக் குழி எடுத்து, அதில் தொழுவுரமும் மணலும் கலந்து நிரப்பும் வழக்கம் இங்கே கேடு செய்யும். சுற்றியுள்ள மண் நீரை விடாதபோது, இளகிய மண் நிறைந்த அந்தக் குழி ஒரு வாளியைப் போல மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். களியில் சிறிதளவு மணல் கலப்பதும் பயனற்றது. காய்ந்தபின் மண் இன்னும் கெட்டியாகலாம்.

இதற்கு மாறாக மேடு அமையுங்கள். தோட்டத்து மேல்மண்ணோடு மக்கிய உரத்தைக் கலந்து, ஓர் அடி உயரமும் மூன்று முதல் நான்கு அடி அகலமும் உள்ள மேட்டை எழுப்பி, அடியில் உள்ள மண்ணைக் கடப்பாரையால் கிளறி மேட்டு மண்ணோடு இணைத்துவிடுங்கள். செடியின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், மேட்டின் மட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்கட்டும். மேட்டின் சரிவில் வெட்டிவேர் நட்டால் மண் கரையாது. உலர்ந்த இலைகளை மூன்று அங்குலக் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பி, தண்டைத் தொடாமல் சற்றுத் தள்ளி வையுங்கள்.

நடுவதற்கு ஏற்ற காலம் ஆடி. அப்போது நட்ட செடிக்கு ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் ஊன்ற இரண்டு மூன்று மாதங்கள் கிடைக்கும். புரட்டாசியின் கடைசியில் நட்ட செடி, வேர் பரவும் முன்பே நீரில் மூழ்கும். அந்தக் காலத்தைத் தவறவிட்டவர்கள் தை பிறந்து மண் சற்று உலரும் வரை பொறுத்திருப்பது நல்லது. ஆனால் அப்படி நட்டவற்றுக்கு முதல் கோடை முழுதும் நீர் ஊற்ற வேண்டும்.

ஐந்தாம் படி: முதல் இரண்டு ஆண்டுகள்

நீர் ஊற்றும் முன் ஒவ்வொரு முறையும் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம், இலை வாடித் தெரிந்தாலும் சரி. முதல் கோடையில் வாரம் இருமுறை மெதுவாக, ஆழமாக ஊற்றினால் வேர் கீழ்நோக்கிப் போகும். இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை போதும். மழைக்காலத்தில் ஈரமண்ணை மிதித்து நடப்பது அதை மேலும் இறுக்கும் என்பதால், நடக்கும் வழியில் பலகையோ கற்களோ போட்டுவிடுங்கள். மேட்டைச் சுற்றி நீர் சில நாள்களுக்கு மேல் நின்றால், ஒரு சாண் ஆழத்தில் சிறு வாய்க்கால் வெட்டித் தோட்டத்தின் தாழ்ந்த மூலைக்கு அதைத் திருப்புங்கள். அந்த மூலையிலேயே அடுத்த ஆடியில் இன்னொரு நீர்ப்பூலாவை வைக்கலாம்.