போதும் என்றால் போதும்: விரும்பி எடை கூட்டுபவர்களுக்கு

எங்கள் வீட்டில் 'போதும்' என்ற சொல்லை யாரும் நம்புவதில்லை. இலைக்கு மேல் கையை வைத்து மறைத்தாலும் விரலிடுக்கு வழியே அம்மா இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றிவிடுவார். அது அன்புதான். ஆனால் நானே விரும்பி எடை கூட்டத் தொடங்கியபோது முதலில் மீட்க வேண்டியிருந்தது அந்தச் சொல்லைத்தான்.

நான் கிளாஸ்கோவில் வாழ்கிறேன். என் துணைவர் ஸ்காட்லாந்துக்காரர், கைமணம் உள்ளவர். ஊட்டுவதில் அவருக்கு ஆசை, பருப்பதில் எனக்கு ஆசை. இதை ஃபீடிசம் என்கிறார்கள். ஊட்டுபவர் ஃபீடர், உண்டு பருப்பவர் ஃபீடீ. ஆண்களை நேசிக்கும் ஆண்களிடையே எங்கரேஜர், கெய்னர் என்ற சொற்கள் வழங்குகின்றன. பெயர் எதுவானாலும் இருவரும் வயது வந்தவர்கள், இருவருக்கும் விருப்பம் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. துணைக்குத் தெரியாமல் குழம்பில் வெண்ணெயைக் கூட்டுவது வஞ்சகம்.

வயிறு நிறைந்திருக்கும் ஒரு பகல் நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ஏன் வேண்டும், எவ்வளவு, எங்கே நிறுத்துவது என்று எழுதி வையுங்கள். என் நோட்டின் முதல் பக்கம்: உயரம் 162 செ.மீ., எடை 64 கிலோ, மேல் வரம்பு 76. என் உயரத்துக்கு 72 கிலோவைத் தாண்டினாலே பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீடு) 27.5 ஆகிவிடும். தெற்காசியர்களுக்கு பிரிட்டனில் உடல்பருமன் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. அப்பாவுக்கு நீரிழிவு வேறு. ஆபத்து தெரிந்தே எழுதிய எண் அது. ஆபத்தில்லாமல் பருக்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சாப்பாட்டோடு பழைய போராட்டம் ஏதேனும் உங்களுக்கு இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

மெதுவாகக் கூட்டுங்கள். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7,700 கலோரி. நாளுக்கு 250 கூடினால் மாதத்துக்கு ஒரு கிலோ, அது போதும். எடை கூட்டவென்று சிலர் விழுங்கும் சைப்ரோஹெப்டடின், டெக்ஸாமெத்தசோன் மாத்திரைகளைத் தொடாதீர்கள். படுத்திருக்கும்போதோ குடித்திருக்கும்போதோ ஊட்ட வேண்டாம், புரையேறும். தொடங்கும் முன்பும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரத்த அழுத்தம், எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரை), கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகள். மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நான் சொன்னபோது அவர் ஒரு நொடி பேனாவைக் கீழே வைத்தார், பிறகு எழுதத் தொடங்கினார்.

உறவைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதைவிட அதிகம். ஓர் இரவு மக்ரோனி சீஸ். மூன்றாவது தட்டில் 'போதும்' என்றேன், தமிழிலேயே. "ஒரே ஒரு வாய்" என்று கரண்டியை உதட்டருகே பிடித்தார். வாயைத் திறந்தேன். அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் திறந்தேன் என்பது நள்ளிரவில் நெஞ்செரிச்சலோடு உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. காலையில் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் சட்டம்: அந்தச் சொல்லைக் கேட்டதும் கரண்டி தட்டுக்குத் திரும்ப வேண்டும். முகம் சுளிக்கக் கூடாது, காரணம் கேட்கக் கூடாது.

சம்பளம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். தோழிகளை விட்டுவிடாதீர்கள். எடை ஏறாத வாரத்தில் பேச்சைக் குறைப்பவர், படியேறவோ வேலைக்குப் போகவோ முடியாதபடி நீங்கள் ஆக வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புபவர், இவர்களிடமிருந்து விலகுங்கள். துணையைக் கட்டுப்படுத்தி மனதை ஒடுக்குவதும் ஸ்காட்லாந்தில் 2019 ஏப்ரல் முதல் வீட்டு வன்முறைக் குற்றத்தில் அடங்கும்.

74 கிலோவில் என் எச்பிஏ1சி, பிரிட்டனில் வழங்கும் mmol/mol அளவில், 43 வந்தது. 42 முதல் 47 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. தாளை மேசையில் வைத்து, "நிறுத்துகிறேன்" என்றேன். அவர் நோட்டை எடுத்து அந்த எண்ணை எழுதி அடியில் கோடு போட்டார். அன்றிரவு ஓர் ஆரஞ்சை உரித்து, வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்து, சுளை சுளையாக ஊட்டினார். ஐந்தாவது சுளையில் போதும் என்றேன். மீதியை அவர் சாப்பிட்டார்.