சாரல் ஊரில் லேமினேட் தரை போடுவது எப்படி

ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிட்டால், செங்கோட்டையில் ஆனி, ஆடி முழுக்கக் காற்றே ஈரம்தான். லேமினேட் பலகையின் உள்ளே இருப்பது அழுத்திய மரநார். ஈரம் பட்டால் அது விரியும். பங்குனி வெயிலில் போட்டாலும் ஆடியில் விரியப்போகிறது என்று நினைத்தே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் பழைய தரையைச் சோதியுங்கள். இரண்டடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். அடியில் நீர் முத்து கோத்திருந்தால் அந்த அறைக்கு டைல்ஸ்தான் சரி. மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். காய்ந்திருந்தால் ஆறடி மட்டப்பலகையை வைத்துப் பாருங்கள். அடியில் ஒரு நூலுக்கு (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மேல் சந்து தெரிந்தால் மேட்டைத் தேய்த்து, பள்ளத்தை நிரப்ப வேண்டும். விட்டால் மிதிக்க மிதிக்க, பலகைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஓரப் பூட்டு உடையும்.

பலகைப் பெட்டிகளை அதே அறையில் இரண்டு நாள் படுக்க வையுங்கள். அப்புறம் பாலித்தீன் தாளை எட்டு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து டேப் ஒட்டி, அதன்மேல் 2 அல்லது 3 மி.மீ. ஃபோம் விரியுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். சுவர், தூண், கதவு நிலை எல்லாவற்றையும் சுற்றி மூன்று நூல் இடைவெளி விட வேண்டும். ஆப்பு செருகி வைத்தால் பலகை நகராது. புளியரையில் எங்கள் சித்தப்பா வீட்டில், பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று ஆசாரி சுவரோடு இறுக்கிவிட்டார். ஆடியில் ஹால் நடுவே பலகை கூடாரமாக எழும்பி நின்றது. அந்த இடைவெளியைச் சுவரடியில் ஓடும் ஸ்கர்டிங் பட்டி மறைத்துவிடும், கவலையே வேண்டாம். ஸ்கர்டிங் ஆணியைச் சுவரில் அடியுங்கள், பலகையில் வேண்டாம். பலகையைத் தரையோடு ஒட்டவும் கூடாது.

கடைசி வரிசை இரண்டு அங்குலத்துக்குக் குறையும் என்று கணக்கில் தெரிந்தால் முதல் வரிசையையும் கொஞ்சம் அறுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த வரிசைகளில் பலகை நுனிகள் சேரும் முட்டு ஓரடியாவது தள்ளி வரட்டும். சுத்தியலை நேராகப் பலகையில் போடாமல் கட்டை வைத்துத் தட்டுங்கள். வாசற்படியில் பட்டி வைத்து அடுத்த அறைத் தரையிலிருந்து பிரித்துவிடுங்கள்.

முடிந்தபின் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், துணியை ஒட்டப் பிழிந்து துடைத்தால் போதும்.