திறமூல இயங்குதள நிரலுக்கு ஒருவர் உரிமை கோரினால் அதைச் சரிபார்க்கும் முறை

திறமூல இயங்குதளமான லினக்ஸை வைத்துத் தொழில் நடத்தும் நிறுவனத்துக்கோ அதற்கு நிரல் எழுதித் தரும் பங்களிப்பாளருக்கோ "அதில் எங்கள் நிரல் இருக்கிறது" என்று நோட்டீஸ் வந்தால், அந்தக் கோரிக்கை எந்த உரிமையின் பேரில் எழுப்பப்படுகிறது என்பதையே முதலில் பிரித்தறிய வேண்டும். பதிப்புரிமை, காப்புரிமை, வணிக ரகசியம், ஒப்பந்த மீறல் ஆகிய நான்குக்கும் வேண்டிய சான்றுகள் வெவ்வேறானவை. 2003 மார்ச்சில், யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கு உரிமை கோரிய எஸ்சிஓ குழுமம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஐபிஎம் மீது தொடுத்த வழக்கு, வணிக ரகசியத்தையும் ஒப்பந்தத்தையும் பற்றியதாகவே தொடங்கியது; வெளியில் "லினக்ஸில் திருட்டு நிரல்" என்று பேசப்பட்டாலும், பதிப்புரிமைக் குற்றச்சாட்டு மறு ஆண்டுதான் வழக்கில் சேர்க்கப்பட்டது.

அடுத்து, எந்தக் கோப்பு, எந்தப் பதிப்பு, எந்த வரிகள் என்று எழுத்துமூலம் கேளுங்கள். எஸ்சிஓ குழுமம் ஒரு புராசசருக்கு 699 டாலர் உரிமக் கட்டணம் கேட்டது. ஆனால் ஆதாரம் என்று சொன்ன வரிகளை, ரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டவர்களுக்கு மட்டுமே காட்டியது. இத்தகைய ஒப்பந்தத்தில் உங்கள் நிரலர்கள் கையெழுத்திடக் கூடாது என்பது என் கருத்து. மூடிய நிரலைப் பார்த்தவர் பின்னர் எழுதும் எதையும், பார்த்து எழுதியதாகக் குற்றம் சாட்ட அது இடம் கொடுத்துவிடும்.

வரிகள் கிடைத்த பின் செய்ய வேண்டிய வேலைதான் பெரிது. நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரம் வரை போய்ப் பார்ப்பது போல, அந்த வரிகள் முதன்முதலில் எங்கே எழுதப்பட்டன என்று தேட வேண்டும். லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மாற்றங்களைப் பதிவு செய்யும் தற்போதைய கிட் களஞ்சியம் 2005 ஏப்ரலில்தான் தொடங்குகிறது என்பதால், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைச் சொல்லும் 'கிட் ப்ளேம்' கட்டளை காட்டும் பெயரோடு நின்றுவிடாமல், பழைய வெளியீடுகளையும் மடலாடற்குழுக் காப்பகங்களையும் யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தின் பழைய யூனிக்ஸ் பதிப்புகளையும் ஒப்பிடுங்கள். 2003 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் எஸ்சிஓ குழுமம் திரையில் காட்டிய நினைவக ஒதுக்கீட்டு நிரலை, பார்த்தவர்கள் சில நாட்களுக்குள் பழைய யூனிக்ஸ் வரை தேடிப் பிடித்தனர். அந்தப் பழைய பதிப்புகளைக் கால்டெரா என்ற பெயரில் இயங்கியபோது, 2002 ஜனவரியில், எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் பிஎஸ்டி வகை உரிமத்தில் வெளியிட்டதே அதே நிறுவனம்தான்! இரண்டு துண்டுகள் ஒத்திருப்பது மட்டும் மீறல் ஆகாது. இரண்டுக்கும் பொதுவான, சட்டப்படி திறந்த ஒரு மூலம் இருக்கலாம். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலை வரையறுக்கும் பிழைப் பெயர்களைப் போல, எவர் எழுதினாலும் ஒன்றாகவே அமையும் பகுதிகளும் உண்டு.

கோருகிறவருக்கு அந்த உரிமை உண்மையிலேயே இருக்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள். பின்னர் எஸ்சிஓ குழுமத்திடம் வந்து சேர்ந்த யூனிக்ஸ் தொழிலை நாவெல் நிறுவனம் 1995இல் விற்றபோது எழுதிய ஒப்பந்தம் பதிப்புரிமைகளை விலக்கியிருந்தது. அடுத்த ஆண்டு செய்த திருத்தம் அதைக் குழப்பியது. அந்தப் பதிப்புரிமைகள் கைமாறவில்லை என்று நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) 2010இல்தான் முடிவு சொன்னது. கோருகிறவர் தாமே லினக்ஸை, எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் விநியோகித்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்சிஓ குழுமத்துக்கு எதிராக ஐபிஎம் இதை எழுப்பியது.

கோரிக்கையில் நியாயம் இருப்பதாகத் தெரிந்தால், அந்தப் பகுதியை மட்டும் புதிதாக எழுதி மாற்றுவதே பெரும்பாலும் போதும். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் உருவாக்கிய யூனிக்ஸ் வகையான பிஎஸ்டி மீது, பெல் ஆய்வகத்தின் உரிமையாளரான ஏடி&டி தரப்பு 1992இல் தொடுத்த வழக்கு 1994இல் சமரசமானபோது, ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தவை மூன்றே. ஆனால், பல்கலைக்கழகத்தின் பதிப்புரிமைக் குறிப்புகளை ஏடி&டி நீக்கிவிட்டதாக எதிர்வழக்கும் எழுந்திருந்தது; ஆகவே உங்கள் கோப்புகளில் பிறர் இட்ட குறிப்புகளை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

வழக்கு நெருங்கும் வேளையில் பழைய கமிட்டுகளையும் (நிரல் மாற்றப் பதிவுகள்) மின்னஞ்சல்களையும் களைவது ஆபத்தானது. சான்றை அழித்ததாக அது கொள்ளப்படும். இனி வரும் பங்களிப்புகளுக்கு, லினக்ஸ் கெர்னல் 2004இல் ஏற்ற முறையைப் பின்பற்றலாம்: இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்று ஒவ்வொரு பங்களிப்பாளரும் 'சைன்டு-ஆஃப்-பை' என்ற வரியில் தம் பெயரையும் மின்னஞ்சலையும் இட்டு உறுதி கூறுவது. வேலையில் இருப்பவராயின், முதலாளியின் அனுமதிக் கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.