ஊனோவிலும் புளூ பில்லிலும் ஃபோர்த்

ப்ராஜெக்ட் ரிவ்யூ முடிந்ததும் ஆர்டுயினோ ஊனோ (சிறு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு) அலமாரியில் தூங்குவது சேலத்து இன்ஜினியரிங் மாணவர் வீடுகளில் சகஜம். அதோடு ஒரு புளூ பில் (எஸ்டிஎம்32எஃப்103) போர்டும் 3.3 வோல்ட் யூஎஸ்பி-சீரியல் மாட்யூலும் இருந்தால், இரண்டு ஆர்க்கிடெக்சரை ஒரே மொழியில் தட்டிப் பார்க்கலாம். மொழி, சார்லஸ் மூர் உருவாக்கிய ஃபோர்த். கம்பைலரே சிப்புக்குள் இருப்பதால் ஏற்றிய பிறகு ஐடிஇ வேண்டாம், நெட் வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போன பிறகும் ஓடிஜி கேபிளும் செல்போனில் ஒரு சீரியல் டெர்மினல் ஆப்பும் போதும்.

ஊனோவுக்கான ஃபோர்த், ஃபிளாஷ்ஃபோர்த். இதை யூஎஸ்பி வழியாக ஏற்ற முடியாது. ஊனோவின் ஏவிஆர் சிப்பில் ஃபிளாஷ் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) எழுதும் கட்டளை பூட் பகுதியிலிருந்து மட்டுமே வேலை செய்யும். அதனால், யூஎஸ்பி வழியாக நிரல் ஏற்றும் பூட்லோடர் இருந்த இடத்தை ஃபோர்த் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு ஊனோவில் ஆர்டுயினோ ஐஎஸ்பி ஸ்கெட்சைப் போட்டு அதை ப்ரோகிராமர் ஆக்குங்கள். 11, 12, 13 நேருக்கு நேர்; ப்ரோகிராமரின் 10 மற்றதன் ரீசெட்டுக்கு; 5 வோல்ட், கிரவுண்ட். ஸ்கெட்ச் ஏறிய பிறகு ப்ரோகிராமரின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். இல்லையென்றால் போர்ட்டைத் திறந்ததுமே அது தானே ரீசெட் ஆகிவிடும்.

பலரும் விடுவது ஃபியூஸ் (சிப்பின் அமைப்பு பிட்கள்). ஊனோவின் பூட் பகுதி வெறும் 512 பைட், ஃபோர்த்துக்குப் போதாது. ஃபிளாஷ்ஃபோர்த்தோடு வரும் குறிப்பில் உள்ள மதிப்பை அப்படியே எழுதுங்கள். டெர்மினல் வேகம் 38400.

புளூ பில்லுக்கு மெக்ரிஸ்ப்-ஸ்டெல்லாரிஸ், இது சுலபம். பூட்0 ஜம்பரை 1-க்கு மாற்றி ரீசெட். பிஏ9 மாட்யூலின் ஆர்எக்ஸுக்கு, பிஏ10 டிஎக்ஸுக்கு. எஸ்டிஎம்32ஃபிளாஷ் கருவியால் ஏற்றி, ஜம்பரைத் திரும்ப 0-க்கு வைத்து ரீசெட். வேகம் 115200.

இப்போது இரண்டிலும்:

32767 1 + .

ஊனோ -32768 என்னும்; புளூ பில் 32768. ஸ்டேக்கில் (ஃபோர்த் எண்களை அடுக்கி வைக்கும் இடம்) ஒரு எண்ணுக்கு அங்கே 16 பிட், இங்கே 32.

ஊனோவில் எல்இடி எரிய ஒரே வரி ($ என்றால் ஹெக்ஸ் எண், ! என்றால் அந்த முகவரியில் எழுது):

$2020 $24 !

16 பிட்டின் கீழ்ப் பாதி $24-இல் (திசை), மேல் பாதி $25-இல் (வெளியீடு) விழுகிறது. ஒரே அடியில் இரண்டு ரெஜிஸ்டர்! புளூ பில்லில் இந்த வித்தை செல்லாது:

$40021018 @ .
$44244444 $40011004 !
$2000 $40011014 !

முதல் வரி கிளாக் ரெஜிஸ்டரைப் படிக்கிறது. $10 பிட் இல்லையென்றால், படித்த மதிப்போடு $10-ஐக் கூட்டி எழுதுங்கள். வெறும் $10 எழுதினால் சீரியல் போர்ட்டின் கிளாக்கும் அணைந்து டெர்மினல் செத்துவிடும், ரீசெட்தான் வழி. கடைசி வரி பின்னைத் தாழ்த்துகிறது. இந்த எல்இடி அப்போதுதான் எரியும். அணைக்க அதே வரியில் முகவரியை $40011010 ஆக்குங்கள்.

ஃபிளாஷ்ஃபோர்த்தில் நீங்கள் வரையறுக்கும் சொல் நேராக ஃபிளாஷுக்குப் போகிறது. மெக்ரிஸ்ப்பில் ராமில்தான் நிற்கும். சித்திரை இடிமழையில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. முதலில் கம்பைல்-டு-ஃபிளாஷ் என்பதை இடைவெளியோ கோடோ இல்லாமல் ஒரே சொல்லாக அடியுங்கள். நீளமான நிரலை மொத்தமாக ஒட்டாதீர்கள்: ஃபிளாஷ் எழுதும் நேரத்தில் வரும் எழுத்துகள் தவறிப்போகும். ஒவ்வொரு வரிக்கும் ஓகே வந்த பிறகே அடுத்தது.

மூன்றாவது ஆர்க்கிடெக்சராக ரிஸ்க்-5 வேண்டுமானால் மெக்ரிஸ்ப்-குவின்டஸ். பூஜ்ஜியத்தால் வகுத்தால் ரிஸ்க்-5 சிப்பின் வகுத்தல் கட்டளை -1 தரும். புளூ பில்லின் கார்டெக்ஸ்-எம்3 வழக்கமாக 0 தரும். ஊனோவின் சிப்பில் வகுத்தல் கட்டளையே கிடையாது.